சூதை எதிர்த்த கவர்னர்

சூதாட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடன், அஸ்தினாபுரத்துச் சபையும், உருளும் பகடையும், நாட்டையும் தம்பியரையும் தோற்று நின்ற தருமனும் நமக்கு நினைவுக்கு வருவது இயல்பு. வள்ளுவப் பெருந்தகை சூதுக்கென்றே தனி அதிகாரம் ஒன்றை ஒதுக்கினார். ஆனால், சூதாடாதே என்று தனி மனிதனுக்குப் புத்தி சொல்வது ஒன்று. சூதை நடத்திச் செல்வம் குவிக்கிறவர்களை ஒரு நாட்டின் சட்டசபையிலே எதிர்த்து நிற்பது மற்றொன்று. முன்னதைச் செய்த பெரியோர் பலர். பின்னதைச் செய்து வெற்றியும் கண்டு, அவ்வெற்றி தம் வாழ்நாளிலேயே கரைந்து போனதையும் பார்த்த ஒருவருடைய வரலாற்றை இங்கே சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் சார்லஸ் இவான்ஸ் ஹியூஸ்.

நான் சட்டம் பயின்றவன் அல்லன். உயிர் வேதியியல் மாணவன். இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட வரலாற்றைப் படிக்கையில், அம்மருந்தினால் முதன் முதலில் உயிர் பிழைத்த குழந்தைகளுள் ஒருத்தியாக எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமியின் பெயர் வருகிறது. அவள் தந்தை யார் என்று அறியப் புகுந்தேன். அமெரிக்காவில் கவர்னர், வெளிநாட்டு மந்திரி, பிரதம நீதிபதி ஆகிய மூன்று பெரும் பதவிகளையும் வகித்தவர் என்று தெரிந்தது. அவற்றையெல்லாம்விட என் மனத்தைக் கவர்ந்தது, 1908-ஆம் ஆண்டில் குதிரைப் பந்தயச் சூதை எதிர்த்து அவர் நடத்திய போராட்டமே.

பாதிரியார் மகன்

நியூயார்க் ராஜ்யத்தின் வடபகுதியில் கிளென்ஸ் பால்ஸ் என்று ஓர் ஊர். அங்கே 1862-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் தேதி ஹியூஸ் பிறந்தார். தந்தை, வேல்ஸ் நாட்டிலிருந்து வந்து குடியேறிய பாப்டிஸ்ட் பாதிரியார். தாயும் கல்வியறிவு மிக்கவர். பெற்றோருக்கு அவர் ஒரே பிள்ளை. நான்கு வயது நிரம்புமுன்னரே படிக்கக் கற்றுக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். சில வாரங்களுக்குள் அங்கே ஆசிரியர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வது அந்தப் பிள்ளைக்குச் சலித்துவிட்டது. இன்ன நேரத்தில் இன்ன பாடம் என்று ஒரு திட்டத்தைத் தாமே எழுதித் தந்தையிடம் நீட்டி, வீட்டிலேயே படிக்க அனுமதி பெற்றார். ஆறு வயதுப் பிள்ளை கால அட்டவணை போடுவதைக் கண்டு பாதிரியார் சிரித்திருப்பாரோ என்னவோ, அனுமதி கொடுத்துவிட்டார்.

பதினான்காம் வயதில் கல்லூரி. பத்தொன்பதாம் வயதில், 1881-ல், பிரவுன் பல்கலைக் கழகப் பட்டம். மகனும் பாதிரியாராக வேண்டும் என்பது பெற்றோர் விருப்பம். மகனுடைய மனமோ சட்டத்தை நாடியது. சட்டக் கல்லூரிக்குப் பணம் வேண்டுமே! ஓராண்டுக் காலம் ஒரு சிற்றூரில் கிரேக்கமும் லத்தீனும் கணிதமும் கற்பிக்கும் ஆசிரியராக வேலை பார்த்தார். அச்சிற்றூரின் பெயர் டெல்லி! நம் தலைநகரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவது போலவே எழுதி, டெல்ஹை என்று அங்கே உச்சரிக்கிறார்கள். பின்னர் கொலம்பியா சட்டக் கல்லூரியில் சேர்ந்து 1884-ல் தேர்ச்சி பெற்றார். வக்கீல் பரீட்சையில் அவர் பெற்ற மதிப்பெண் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதரை என்பார்கள். தாம் சேர்ந்த வக்கீல் நிறுவனத்தின் முதல்வரான கார்ட்டர் என்பவரின் மகள் ஆன்டொனெட்டை 1888-ல் மணந்தார். வேலை மிகுதியால் உடல் தளர்ந்தபோது, 1891 முதல் இரண்டாண்டுகள் கார்னெல் பல்கலைக் கழகத்தில் சட்டப் பேராசிரியராக இருந்தார்.

நாற்பத்து மூன்று வயது வரை வக்கீல் வட்டாரத்துக்கு வெளியே ஹியூஸின் பெயரை அறிந்தவர்கள் மிகச் சிலரே. 1905-ல் அது மாறியது. நியூயார்க் சட்டசபை, முதலில் எரிவாயுக் கம்பெனிகளையும் பிறகு இன்ஷியூரன்ஸ் கம்பெனிகளையும் விசாரிக்கக் கமிட்டிகள் அமைத்தது. கேள்வி கேட்கும் வக்கீலாக ஹியூஸை நியமித்தது. விதவைகளும் அநாதைகளும் நம்பிக் கட்டிய பணத்தை இன்ஷியூரன்ஸ் கம்பெனிகளின் தலைவர்கள் எப்படிச் செலவிட்டார்கள், எந்தக் கட்சிக்கு எவ்வளவு நன்கொடை கொடுத்தார்கள் என்பதையெல்லாம் 57 பொது விசாரணைகளில் ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்தார். மேசையைக் குத்தவில்லை, குரலை உயர்த்தவில்லை. கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்தத் தொகை எங்கே போயிற்று என்று நிதானமாகக் கேட்டார். பணம் பெற்றவற்றுள் ஹியூஸ் சார்ந்திருந்த குடியரசுக் கட்சியும் ஒன்று. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே, அக்கட்சி அவருக்கு நியூயார்க் நகர மேயர் பதவிக்கு நிற்கும் வாய்ப்பை நீட்டியது. அவர் ஏற்கவில்லை, விசாரணையைத் தொடர்ந்தார்.

அடுத்த ஆண்டே கவர்னர் தேர்தல். எதிரே நின்றவர் பத்திரிகைக் கோடீசுவரர் வில்லியம் ராண்டால்ப் ஹர்ஸ்ட். ராஜ்யம் முழுவதற்குமான பதவிகளுக்கு நின்ற குடியரசுக் கட்சியார் அனைவரும் அத்தேர்தலில் தோற்றனர். ஹியூஸ் ஒருவரே வென்றார். 1907 ஜனவரி முதல் தேதி கவர்னராகப் பதவியேற்றார்.

வேலிக்கு உள்ளும் வெளியும்

இனிக் குதிரைப் பந்தயத்துக்கு வருவோம். அக்காலத்தில் நியூயார்க் ராஜ்யமே அமெரிக்கப் பந்தயத்தின் தலைமை இடம். ஷீப்ஸ்ஹெட் பே, கிரேவ்ஸெண்ட், பிரைட்டன் பீச், சாரடோகா என்று பல மைதானங்கள். 1905-ல் பெல்மாண்ட் பூங்காவும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு மைதானத்திலும் புக்கிகள் வரிசையாக நின்று பந்தயப் பணம் வாங்குவார்கள்.

புக்கியின் தொழில் என்ன என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். மூன்று குதிரைகள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் குதிரைக்கு ஒன்றுக்கு ஒன்று, இரண்டாவதற்கு ஒன்றுக்கு இரண்டு, மூன்றாவதற்கு ஒன்றுக்கு மூன்று தருவதாகப் புக்கி அறிவிக்கிறான். முதல் குதிரைமேல் 600 ரூபாயும், இரண்டாவதன்மேல் 400 ரூபாயும், மூன்றாவதன்மேல் 300 ரூபாயும் ஜனங்கள் கட்டுகிறார்கள். வந்த பணம் 1,300 ரூபாய். முதல் குதிரை ஜெயித்தால் கட்டிய 600-ம் அதன்மேல் 600-ம் ஆக 1,200 கொடுக்க வேண்டும். இரண்டாவது ஜெயித்தால் 400-ம் 800-ம் சேர்ந்து அதே 1,200. மூன்றாவது ஜெயித்தாலும் 300-ம் 900-ம் சேர்ந்து அதே 1,200! எந்தக் குதிரை முந்தினாலும் புக்கிக்கு 100 ரூபாய் மிச்சம். பணம் இப்படிச் சரியாகப் பிரிந்து விழும்படி விகிதத்தை அவ்வப்போது ஏற்றி இறக்குவதே அவன் சாமர்த்தியம். குதிரையைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. கூட்டத்தைப் பற்றித் தெரிந்தால் போதும். கட்டுகிறவர்களுள் ஒருவன் இன்று கெலிக்கலாம்; எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் என்றும் நஷ்டந்தான்.

இந்த உண்மையைப் பல குடும்பங்கள் அனுபவத்தில் கண்டுகொண்டன. பாங்கியில் வேலை பார்க்கும் குமாஸ்தா முதலாளியின் பணத்தை ரேசில் விட்டுச் சிறைக்குப் போவது பத்திரிகைகளில் வழக்கமான செய்தியாகிவிட்டது. ஆகவே 1894-ல் நியூயார்க் ராஜ்யம் தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது, லாட்டரி, புக்கித் தொழில், மற்ற எவ்விதச் சூதாட்டமும் ராஜ்யத்தில் கூடாது என்றும், அவற்றைத் தடுக்கத் தக்க சட்டங்களைச் சட்டசபை இயற்ற வேண்டும் என்றும் தெளிவாக விதித்தது.

சட்டசபை என்ன செய்தது? 1895-ல் பெர்சி-கிரே சட்டம் என்று ஒன்றை இயற்றிற்று. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் அது சூதைத் தடுக்கும் சட்டமே. பந்தய மைதானத்துக்கு வெளியே புக்கித் தொழில் செய்தால் சிறை. மைதானத்து வேலிக்கு உள்ளே செய்தாலோ, தோற்றவன் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டுத் தன் பணத்தைத் திரும்பப் பெறலாம், தண்டனை அவ்வளவுதான். ரேசில் தோற்றவன் வக்கீல் வைத்து வழக்காடப் போகிறானா? போகமாட்டான் என்று சட்டம் எழுதியவர்களுக்கு நன்றாகத் தெரியும். டிக்கட் வாங்கி உள்ளே செல்ல வசதி படைத்தவன் ஆடினால் பொழுதுபோக்கு. கடைவீதியின் பின்கட்டில் தொழிலாளி ஆடினால் குற்றம். அரசியல் சட்டத்தின் வாசகம் எழுத்தளவில் இருந்தது. அதன் உயிர் போய்விட்டது. 1897-ல் மேல் நீதிமன்றமும் இச்சட்டம் செல்லும் என்று தீர்ப்புக் கூறிவிட்டது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பந்தயச் சங்கங்கள் தம் மொத்த வரும்படியில் நூற்றுக்கு ஐந்து வரி செலுத்த வேண்டும். அந்த வரி ஊர்ப்புறத்து விவசாயச் சங்கங்களுக்குப் போகும். அவை அதைக்கொண்டு தம் கண்காட்சிகளில் பரிசுகள் வழங்கும். அமெரிக்கக் கிராமங்களில் ஆண்டுக்கொரு முறை கூடும் இக்கண்காட்சிகள் நம் ஊர்ச் சந்தையும் திருவிழாவும் சேர்ந்தாற்போன்றவை. நல்ல மாட்டுக்குப் பரிசு, நல்ல சோளத்துக்குப் பரிசு, இல்லத்தரசி செய்த ஜாமுக்குப் பரிசு. அந்தப் பரிசுப் பணம் நகரத்துச் சூதிலிருந்து வந்தது! தன் பெண்ணின் ஊறுகாய் ஜாடிக்குப் பரிசு கிடைத்ததில் மகிழும் குடியானவன், சூதாட்டத்தைத் தடுக்காதீர்கள் என்று தன் பிரதிநிதிக்கு எழுத வேண்டிய நிலை உண்டாயிற்று. தீயதொன்றின் லாபத்தில் ஒரு சிறு பங்கை நல்ல காரியத்துக்கு ஒதுக்கிவிட்டால், நல்லவர்களே அதற்குக் காவலாகிவிடுகிறார்கள்.

இருபத்தைந்துக்கு இருபத்தைந்து

1908 ஜனவரியில் சட்டசபைக்கு விடுத்த செய்தியில் ஹியூஸ் இப்பிரச்சினையை எடுத்தார். அவருடைய வாதம் எளியது. அரசியல் சட்டம் சூது கூடாது என்கிறது. அது மக்களின் ஆணை. வேலிக்கு உள்ளே ஒரு நீதி, வெளியே ஒரு நீதி என்று வைப்பது அந்த ஆணையை ஏமாற்றுவதாகும். விவசாயக் கண்காட்சிகள் நல்லவை என்றால், அவற்றுக்கு அரசாங்கமே நேராகக் கஜானாவிலிருந்து பணம் கொடுக்கட்டும். குதிரை ஓட்டத்துக்கு அவர் விரோதி அல்லர். சூது இல்லாவிட்டால் ஓட்டமே நடக்காது என்றால், நடப்பது ஓட்டமா சூதா என்பதே அவர் எழுப்பிய கேள்வி.

செனட்டர் ஆக்னியூ, கீழ்ச்சபை உறுப்பினர் ஹார்ட் ஆகிய இருவரும் மசோதாவைக் கொண்டுவந்தார்கள். கீழ்ச்சபையில் நிறைவேறிற்று. செனட்டிலோ பந்தய முதலாளிகளின் செல்வாக்கு மிகுதி. ஹியூஸின் சொந்தக் கட்சித் தலைவர்களிலேயே பலர் எதிரிகள். ஏப்ரல் 8-ஆம் தேதி வாக்கெடுத்தார்கள். ஆதரவு 25, எதிர்ப்பு 25. 51 இடங்கள் கொண்ட செனட்டில் 26 வாக்கு இல்லாமல் எந்த மசோதாவும் நிறைவேறாது. ஓர் உறுப்பினர் காலமாகி அவருடைய தொகுதி காலியாக இருந்தது. மசோதா தோற்றது.

வேறொருவராயின், முயன்றேன், முடியவில்லை என்று சொல்லி அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். ஹியூஸ் காலியான தொகுதிக்கு உடனே தேர்தல் நடத்த உத்தரவிட்டார். சட்டசபையின் விசேஷக் கூட்டத்தையும் கூட்டினார். நயாகரா நீர்வீழ்ச்சி உள்ள பகுதி அது. தாமே அங்கே சென்று மேடையேறி மக்களிடம் பேசினார். மே மாதம் நடந்த தேர்தலில் மசோதாவை ஆதரித்த வாலஸ் என்பவர் ஜெயித்தார். இப்போது 26 வாக்கு உண்டு என்று எல்லோரும் எண்ணினார்கள்.

ஆனால் புரூக்ளின் செனட்டர் ஆட்டோ போல்கர், குடல்வால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு படுத்த படுக்கையாகிவிட்டார். ஆதரவு வாக்கு மீண்டும் ஒன்று குறைந்தது. 1908-ஆம் ஆண்டின் அறுவைச் சிகிச்சை இன்றைய அறுவைச் சிகிச்சை அன்று. பெனிசிலின் பிறக்க இன்னும் இருபதாண்டு இருந்தது. புண்ணில் சீழ் வைத்தால் உயிருக்கே ஆபத்து. அந்த நிலையிலும் போல்கர் ரயில் ஏறி ஆல்பனி வந்தார். நிற்கவும் சக்தியற்ற மனிதர், பிறர் தாங்கிப் பிடிக்கச் சபைக்குள் நுழைந்து தம் வாக்கை அளித்தார். ஆதரவு 26, எதிர்ப்பு 25. 1908 ஜூன் 11-ஆம் தேதி ஹியூஸ் மசோதாவில் கையெழுத்திட்டார். தம் வாக்குக்கு விலை பேசப்பட்டது என்று பின்னர் போல்கரே வெளியிட்டார். அவர் பெயர் சரித்திரப் புத்தகங்களில் அதிகம் இல்லை. எனினும் ஹியூஸின் வெற்றியில் பாதி அவருடையது என்றே நான் கருதுகிறேன்.

பயிரும் களையும்

சட்டம் வந்துவிட்டது. சூது நின்றதா? நிற்கவில்லை. எழுதினால்தானே குற்றம் என்று புக்கிகள் எழுதுவதை நிறுத்தினார்கள். கையில் சீட்டு இல்லை, சிலேட்டு இல்லை. கூட்டத்துக்குள் நடந்துகொண்டே காதோடு காதாகப் பந்தயம் பேசி, எல்லாவற்றையும் மனத்திலே குறித்துக்கொண்டார்கள். எழுத்தில்லாத வாய்ப்பேச்சுப் பந்தயம் புக்கித் தொழில் ஆகாது என்று 1909-ல் நீதிமன்றமும் சொல்லிற்று. ஹியூஸ் சோரவில்லை. 1910-ல் மற்றொரு சட்டம் வந்தது. மைதானத்தில் சூது நடந்தால் மைதானத்தின் டைரக்டர்களே பொறுப்பு என்றது அது. புக்கி சிறைக்குப் போவதில் டைரக்டர்களுக்கு ஆட்சேபம் இருக்கவில்லை. தாங்கள் போக நேரும் என்றதும் மைதானங்களை மூடினார்கள். 1911, 1912 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நியூயார்க்கில் பெரும் பந்தயம் ஒன்றுகூட நடைபெறவில்லை.

இதன் விளைவுகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குதிரைகளைப் பராமரித்த கூலிக்காரர்கள் வேலை இழந்தார்கள். ஜாக்கிகளும் பயிற்சியாளர்களும் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயர்சாதிக் குதிரைகள் வெளிநாடுகளுக்குச் சென்றன. அவை இங்கிலாந்தில் வந்து குவிவதைக் கண்டு அஞ்சிய ஆங்கிலேயர், 1913-ல் ஜெர்ஸி விதி என்று ஒன்றை ஏற்படுத்தி, அமெரிக்கக் குதிரைகளிற் பலவற்றைத் தம் வம்சாவளிப் பதிவேட்டில் சேர்க்க மறுத்தார்கள். அந்த விதி 1949 வரை நீடித்தது. குதிரைகளுக்கும் சாதி விலக்கு நேர்ந்தது பாருங்கள்!

1913-ல் நீதிமன்றம் டைரக்டர்களின் பொறுப்பைத் தளர்த்தியது. தம் அறிவுக்கு எட்டாமல் நடந்த சூதுக்கு அவர்கள் குற்றவாளிகள் அல்லர் என்று தீர்ப்பாகவே, அவ்வாண்டு மே மாதம் பெல்மாண்ட் பூங்கா மீண்டும் திறந்தது. ஷீப்ஸ்ஹெட் பேயும் கிரேவ்ஸெண்டும் திறக்கவேயில்லை. 1934-ல், பொருளாதார மந்தத்தில் அரசாங்கம் வருமானம் தேடியபோது, மைதானத்தில் புக்கிகள் வெளிப்படையாகத் தொழில் நடத்த வழிவிட்டார்கள். 1939-ல் மக்களே வாக்களித்து அரசியல் சட்டத்தைத் திருத்தி, பாரி-மியூச்சுவல் முறைக்கு இடம் கொடுத்தார்கள். இம்முறையில் புக்கி இல்லை. எல்லோருடைய பணத்தையும் ஒன்றாகச் சேர்த்து, நிர்வாகமும் அரசாங்கமும் தம் பங்கை முதலில் எடுத்துக்கொண்டு, மீதியை ஜெயித்தவர்களுக்குப் பங்கிடுவார்கள். புக்கிக்குப் போன 100 ரூபாயில் இப்போது அரசாங்கத்துக்கும் பங்கு. கட்டியவனுடைய கணக்கில் மட்டும் மாறுதல் இல்லை.

பிற்கால வாழ்வு

1910 அக்டோபரில் ஹியூஸ் கவர்னர் பதவியை விட்டு, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியானார். 1916-ல் அப்பதவியைத் துறந்து ஜனாதிபதி தேர்தலில் உட்ரோ வில்சனை எதிர்த்து நின்றார். தேர்தல் இரவில் ஹியூஸே வென்றார் என்று பல பத்திரிகைகள் அச்சிட்டுவிட்டன. கலிபோர்னியா ராஜ்யத்தில் நாலாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் தோற்றதால் ஜனாதிபதி பதவி கைநழுவியது, 277-க்கு 254.

1920-ல் நியூயார்க் கீழ்ச்சபை, சோஷலிஸ்டுகள் என்ற ஒரே காரணத்துக்காக ஐந்து உறுப்பினர்களை நீக்கப் புறப்பட்டது. சோஷலிசத்தில் ஹியூஸுக்குக் கடுகளவும் நம்பிக்கை கிடையாது. ஆயினும், மக்கள் தேர்ந்தெடுத்தவரைக் கருத்துக்காக வெளியேற்றுவது தகாது என்று முன்வந்து கண்டித்தார். பந்தய வேலியைப் பற்றி அவர் கொண்ட கொள்கையும் இதுவும் ஒன்றே: எழுதிய விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

1921-ல் வெளிநாட்டு மந்திரியானார். அவ்வாண்டு நவம்பர் 12-ஆம் தேதி வாஷிங்டனில் கடற்படைக் குறைப்பு மாநாடு கூடியது. வழக்கமான வரவேற்புரையை எதிர்பார்த்துப் பிரதிநிதிகள் அமர்ந்திருந்தார்கள். தலைமை வகித்த ஹியூஸோ, அமெரிக்கா தன் போர்க் கப்பல்களில் எவற்றை உடைக்கும், பிரிட்டன் எவற்றை, ஜப்பான் எவற்றை என்று பெயர் பெயராகப் படிக்கத் தொடங்கிவிட்டார். முடிவில் ஐந்துக்கு ஐந்துக்கு மூன்று என்ற விகிதம் ஏற்பட்டது. நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று: அம்மாநாட்டில் இந்தியாவின் பிரதிநிதியாக அமர்ந்திருந்தவர் மகாகனம் வலங்கைமான் ஸ்ரீனிவாச சாஸ்திரியார். கும்பகோணத்துக்கு அருகே பிறந்த ஒரு பள்ளி ஆசிரியரும், டெல்லி என்ற சிற்றூரில் ஆசிரியராயிருந்த ஒருவரும் ஒரே மண்டபத்தில் உலக சமாதானம் பேசினார்கள்.

வெளியே இத்தனை புகழ், வீட்டிலோ துயரம். 1920-ல் மூத்த மகள் ஹெலன் இறந்தாள். இளைய மகள் எலிசபெத், 1907-ல் ஆல்பனி நகரத்துக் கவர்னர் மாளிகையிலே பிறந்தவள், பதினோராம் வயதில் நீரிழிவுக்கு ஆளானாள். அக்காலத்தில் குழந்தைகளுக்கு அந்நோய் வந்தால் மரணமே. உணவைக் குறைத்துக் குறைத்து உயிரை நீட்டிப்பது தவிர வேறு வைத்தியம் இல்லை. பதினைந்தாம் வயதில் அவள் எடை ஏறத்தாழ இருபது கிலோ. 1922 ஆகஸ்டில் தாய் அவளை டொரான்டோவுக்கு அழைத்துச் சென்றார். டாக்டர் பான்டிங் இன்சுலின் ஊசி போட்டார். எலும்புக் கூடாக இருந்த பெண் சில மாதங்களில் சதை பிடித்து எழுந்தாள். பிறகு மணம் புரிந்து, மக்களைப் பெற்று, 1981 வரை வாழ்ந்தாள். தந்தையின் பதவியை அளக்கலாம். அந்த ஊசி போட்ட நாளில் அந்தக் குடும்பம் அடைந்த ஆறுதலை எதைக்கொண்டு அளப்பது?

1930-ல் ஹியூஸ் பிரதம நீதிபதியானார். மறு ஆண்டில், பத்திரிகையை முன்கூட்டியே தடை செய்வது செல்லாது என்ற புகழ்பெற்ற தீர்ப்பை எழுதினார். 1936-ல், மிஸிஸிபியில் கறுப்பின மக்கள் மூவரை அடித்து வாங்கிய வாக்குமூலத்தின் மேல் விதித்த மரண தண்டனையை ரத்து செய்த தீர்ப்பும் அவர் எழுதியதே. 1937-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் நீதிபதிகளின் எண்ணிக்கையை உயர்த்த முயன்றபோது, நீதிமன்றத்தில் வேலை தேங்கவில்லை என்பதைக் காட்டி ஒரு கடிதம் அனுப்பினார். இன்ஷியூரன்ஸ் கணக்கைத் திறந்து காட்டிய அதே நிதானம்! அம்முயற்சி தோற்றது. 1941-ல் ஓய்வு பெற்று, 1948 ஆகஸ்டு 27-ஆம் தேதி, தம் எண்பத்தாறாம் வயதில் காலமானார்.

நமக்கு என்ன?

ஹியூஸ் வென்றாரா, தோற்றாரா என்று நண்பர்கள் கேட்கலாம். சூதை ஒழித்தாரா என்று கேட்டால், இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி வேறு. சூது கூடாது என்று எழுதி வைத்துக்கொண்டு, வசதி உள்ளவன் ஆடுவதற்கு ஓர் இடத்தை மட்டும் வேலி கட்டி விடலாமா? கூடாது என்றால் எங்கும் கூடாது; கூடும் என்றால் மக்களைக் கேட்டு வெளிப்படையாக எழுதுங்கள் என்றார். 1939-ல் நியூயார்க் மக்கள் செய்தது இரண்டாவது. அது சரியா தவறா என்று நாம் வாதிடலாம். அது கள்ள வழி அன்று என்பதை மறுக்க முடியாது.

இன்று பந்தய மைதானத்துக்கு டிக்கட் வாங்க வேண்டியதில்லை. கையிலுள்ள போனிலேயே புக்கி இருக்கிறான். வேலி போய்விட்டது, விடுதி அறைக்குள்ளேயே வந்துவிட்டது ஆட்டம். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க நம் பாராளுமன்றமும் 2025-ல் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. எழுதாமலே பந்தயம் பிடித்த நியூயார்க் புக்கிகளின் பேரப்பிள்ளைகள் இதற்கும் ஒரு சந்து தேடாமல் இருக்கமாட்டார்கள். சட்டம் ஓரளவுதான் காக்கும். மீதியை நாம்தான் காத்துக்கொள்ள வேண்டும். ஊரை விட்டு வெகுதூரம் வந்து, வீட்டிலிருந்து மாதாமாதம் வரும் பணத்தில் படிக்கிற நாம், மேலே சொன்ன 1,300 ரூபாய்க் கணக்கை ஒரு காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பார்த்தால் நல்லது. எந்தக் குதிரை முந்தினாலும் அந்த 100 ரூபாய் நமக்கு வருவதில்லை.